மிதியும் தடையும்: பழைய மோட்டார் வண்டியின் பிரேக்கைச் செம்மை செய்தல்

ஓட்டத்தைப் போற்றுவார் உலகிற் பலர். நிறுத்தத்தைப் போற்றுவார் சிலரே. மோட்டார் வண்டியொன்றைப் பற்றிப் பேசுங்கால், அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் செல்லும் என வினவுவாரை எங்கும் காண்கிறோம். எத்துணைத் தொலைவில் நிற்கும் என வினவுவாரைக் காண்டல் அரிது. ஆயினும் வண்டிக்குள் இருப்பார் உயிரும், வழியிற் செல்வார் உயிரும் பின்னதையே சார்ந்துள்ளன.

நம் நாட்டுத் தேர்த்திருவிழாவைக் கண்டார் இவ்வுண்மையை எளிதில் உணர்வர். தேரை இழுத்தற்குப் பல நூற்றுவர் வடம் பிடிப்பர். அதனை நிறுத்துதற்கும் திருப்புதற்குமோ முட்டுக்கட்டை போடுவார் சிலரின் கைத்திறமே வேண்டும். எக்கணத்தில், எச்சக்கரத்தின்கீழ், எத்துணைப் பருமனுள்ள கட்டையை இடுவது என்பது அவர் பழகியறிந்த கலை. 'முட்டுக்கட்டை போடுதல்' என்னும் தொடர் இன்று பேச்சுவழக்கில் இடையூறு செய்தலைக் குறிப்பினும், தேரோடும் வீதியில் அஃது உயிர்காக்குந் தொழிலேயாம். திருவாரூர் ஆழித்தேருக்கு, திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிலையத்தாரின் உதவியால், திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக் பொருத்தப்பட்டிருத்தலையும் பலர் அறிவர். அத்திரவ அழுத்தமே நம் சாலைகளிற் செல்லும் மோட்டார் வண்டிகளையும் நிறுத்துகின்றது.

பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருப்போர், 'பிரேக் மிதி நன்றாயில்லை; அதனை மாற்றியமைத்தல் எங்ஙனம்?' என்று வினவுதல் இயல்பு. இவ்வினாவுக்கு விடை காணுமுன், வலிமையைக் கூட்டுதல் ஒன்று, மிதியின் உணர்ச்சியைத் தெளிவாக்குதல் மற்றொன்று எனப் பகுத்தறிதல் வேண்டும். முன்னதை நாடிப் பின்னதை இழப்பாரும் உளர். பின்னதைப் பெற்றுவிட்டதனாலேயே முன்னதும் வந்தெய்தியதாக மயங்குவாரும் உளர். இரண்டும் தீங்கு பயப்பனவே. இதனை ஒரு வண்டியின்மேல் வைத்து ஆராய்வோம்.

1. நாம் எடுத்துக்கொண்ட வண்டி

அவ்வண்டி மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பாரால் உருவாக்கப்பட்டு, 1948-ஆம் ஆண்டு இலண்டன் நகரத்து மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது. 1956-இல் 'மைனர் 1000' என்னும் பெயரோடு 948 கன சென்டிமீட்டர் எஞ்சினும், 1962-இல் 1098 கன சென்டிமீட்டர் எஞ்சினும் பெற்றது. 1960-ஆம் ஆண்டின் இறுதியில் பத்திலட்சமாவது வண்டி வெளிவந்தது. பிரிட்டனில் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டிய வண்டி இதுவே. 1970-களின் தொடக்கத்தில் இதன் உற்பத்தி நின்றது. நம் நாட்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 'பேபி இந்துஸ்தான்' என்னும் பெயரால் இதனை வெளியிட்டனர். இதன் உறவாகிய மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்ததே நாம் நன்கறிந்த அம்பாஸிடர். இலங்கையில் மைனர் வண்டிகள் இன்றும் ஓடக் காணலாம்.

இவ்வண்டியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. முதலில் டிரம்மின் விட்டம் 7 அங்குலம். 1098 எஞ்சின் வந்தபோது முன்சக்கர டிரம்கள் 8 அங்குலமாக உயர்த்தப்பட்டன. எஞ்சினின் வலிமை கூடியபோது தடையின் வலிமையும் கூடவேண்டுமென்பதை அதனை அமைத்தோரே உணர்ந்திருந்தமைக்கு இது சான்று.

2. நல்ல மிதியின் இலக்கணம்

மிதியின் உணர்ச்சி என்பது யாது? சக்கரத்தில் நிகழ்வதை வண்டி ஓட்டுவார் காலுக்குச் சொல்லுஞ் செய்தியே அது. கண் சாலையை நோக்கியிருப்ப, செவி எஞ்சினைக் கேட்டிருப்ப, தடையின் நிலையை அறிவிப்பது உள்ளங்கால் ஒன்றே.

நல்ல மிதிக்கு மூன்று இலக்கணங்கள் கூறலாம். முதலாவது, சிறிது இறங்கிய அளவிலேயே பிடித்தல். இரண்டாவது, பிடித்தபின் உறுதியாய் நிற்றல். பஞ்சினை மிதித்தாற்போல் அமிழ்தல் கூடாது. மூன்றாவது, காலின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவினதாய்த் தடை கூடுதல். பாதி அழுத்தத்திற்குப் பாதித் தடையும், முழு அழுத்தத்திற்கு முழுத் தடையும் வருதல் வேண்டும். மூன்றாவது இலக்கணம் இல்லாத பிரேக், மழை நனைந்த சாலையில் எதிர்பாராது சக்கரத்தைப் பூட்டி வண்டியை வழுக்கச் செய்யும்.

3. பாஸ்கலின் விதியும் ஒரு கணக்கும்

அடைபட்ட திரவத்தின்மேல் ஓரிடத்துச் செலுத்தும் அழுத்தம், குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கலின் விதி. பாஸ்கல் (1623–1662) பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர். கிறிஸ்து சமயத்தைக் குறித்து அவர் எழுதிவைத்த 'சிந்தனைகள்' அவர் மறைந்தபின் 1670-இல் நூலாக வெளிவந்தது. தராசுத்தட்டையும் ஜெபத்தையும் ஒருங்கே போற்றிய அவ்வறிஞரின் விதியினை, 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் வண்டி நான்கு சக்கரப் பிரேக்கிலும் பயன்படுத்தியது.

இவ்விதி மோட்டார் வண்டியில் இயங்குமாறு காண்போம். மிதி ஒரு நெம்புகோல். அதன் நெம்புவிகிதம் 5 என்று கொள்வோம்; அஃதாவது கால் 5 சென்டிமீட்டர் இறங்கின், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 1 சென்டிமீட்டர் நகரும். கால் 20 கிலோ எடை வைப்பின் பிஸ்டனில் 100 கிலோ எடை விழும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் எட்டில் ஏழு பங்கு, அஃதாவது அங்குலத்தில் 7/8 எனின், பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 3.88 சதுர சென்டிமீட்டர். ஆகவே திரவத்தில் எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25.8 கிலோ.

இனி, அதனைக் களைந்து 3/4 அங்குல உள்விட்டமுள்ள சிலிண்டரை வைப்போம். பரப்பு 2.85 ஆகக் குறையும். அதே காலின் எடைக்கு அழுத்தம் 35.1 கிலோவாக உயரும். நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு இலாபம்! ஆனால் இவ்விலாபத்திற்கு விலை உண்டு. நான்கு சக்கரங்களின் ஷூக்களையும் டிரம்மோடு சேர்த்தற்கு 4 கன சென்டிமீட்டர் திரவம் வேண்டும் என்று கொள்வோம். முன்னைய சிலிண்டரில் அதற்கு மிதி 5.2 சென்டிமீட்டர் இறங்கினால் போதும்; புதியதில் 7 சென்டிமீட்டர் இறங்கவேண்டும். பெற்ற பலம் எத்துணையோ, அத்துணையே கூடிய தூரம். மறுதலையாக, பெரிய சிலிண்டரை வைப்பின் மிதி மேலேயே உறுதியாக நிற்கும். ஆனால் காலுக்குப் பளு மிகும். 'மிதி கல்லைப்போல் உறுதியாயிற்று. பிரேக் நன்றாயிற்று' என மகிழ்வார், உண்மையில் தடையின் பலத்தைக் குறைத்துக்கொண்டாராவர்.

இதனாற் பெறப்படுவது யாதெனில், பலத்தையும் தூரத்தையும் ஒருங்கே இலாபமாகக் கொள்ளுதல் நெம்புகோலாலும் சிலிண்டராலும் இயலாது என்பதே. இக்கணக்கை ஏமாற்ற ஒருவராலும் ஆகாது. மிதியை மாற்றியமைக்கப் புகுவார் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய சூத்திரம் இது.

4. மைனரின் அமைப்பு

மைனரில் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சினருகே இராது. ஓட்டுவார் காலடியில், தரைத்தகட்டின்கீழ், அடிச்சட்டத்தில் மறைந்துள்ளது. விரிப்பை நீக்கி, தரையிலுள்ள மூடியைத் திறந்தே பிரேக் ஆயில் ஊற்றவேண்டும். கண்ணுக்கு மறைவாயிருத்தலின், ஆயில் குறைவதைப் பலர் காணத் தவறுகின்றனர். தூசியும் நீரும் அவ்வழியே உட்புகுதலும் உண்டு. சிலிண்டரைக் கழற்றப் புகின், முன்சக்கரத் தொங்கலின் முறுக்குத்தண்டு போல்ட்டுகளுக்குக் குறுக்கே நிற்கும். ஆகவே இவ்வேலை பொறுமையுடையார்க்கே உரியது.

முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உள. அவை இரு ஷூக்களையும் சக்கரம் சுழலும் திசையிலேயே தள்ளுகின்றன. சுழலும் டிரம் தன்னைத் தொட்ட ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். காலின் சிறு பளுவே பெருந்தடையாவது இத்தன்னிறுக்கத்தாலேயே. இவ்வமைப்பின் குறையும் இதுவே. வண்டி பின்னோக்கிச் செல்லுங்கால் இவ்விறுக்கம் கிட்டாது. ஏற்றத்தில் பின்வழுகும் வண்டியின் முன்பிரேக் வலிமை குன்றுவது இதனாலாம். அன்றியும் லைனிங்கின் உராய்வு சிறிது மாறினும், தடை பெரிதும் மாறும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்க. இவ்வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்வழிதான். ஓரிடத்து ஹோஸ் வெடிப்பின் நான்கிலும் பிரேக் அற்றுப்போம். அந்நிலையில் கம்பியால் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும் கைப்பிரேக்கே எஞ்சிய துணை.

5. குறியும் காரணமும்

வைத்தியன் நாடியைப் பிடித்து நோயறிதல்போல, மிதியைக் கொண்டே பெரும்பாலான குறைகளை அறியலாம்.

(அ) முதன்முறை மிதிக்க ஆழமாக இறங்கி, உடனே இரண்டாமுறை மிதிக்க உயர்ந்து நிற்குமாயின், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்துவிட்டது.

(ஆ) மிதித்த கால் பஞ்சில் அமிழ்ந்து வில்போல் எதிர்த்துத் தள்ளுமாயின், குழாயிற் காற்று புகுந்துள்ளது. திரவம் சுருங்காது, காற்றோ சுருங்கும். காற்றை நீக்கியும் பஞ்சுத்தன்மை எஞ்சின், பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தால் உப்புகிறதென ஐயுறலாம்.

(இ) காலை ஒரே அளவில் அழுத்தி வைத்திருக்க, மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குமாயின், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருத்தல் வேண்டும். அன்றேல் எங்கேனும் கசிவு இருத்தல் வேண்டும். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது இக்குறியே. இதனைக் கண்டபின் வண்டியைச் சாலைக்குக் கொணர்தல் தகாது.

(ஈ) மிதி உறுதியாக நின்றும் வண்டி நில்லாதாயின், லைனிங்கில் கிரீஸ் படிந்துள்ளது, அல்லது அது வெந்து மெருகேறியுள்ளது, அல்லது வீல் சிலிண்டர் துருவேறி இறுகியுள்ளது.

(உ) மிதி காலின்கீழ்த் துடிக்குமாயின் டிரம் வட்டந் தவறியுள்ளது. வண்டி ஒருபுறம் இழுக்குமாயின் இருபக்கத்துப் பிரேக்குகளும் ஒத்தில.

இவற்றுள் ஒன்றேனும் புதிய உறுப்புகளைச் சேர்த்தலால் தீர்வதன்று; உள்ளவற்றைச் சீர்செய்தலாலேயே தீர்வன. பழைய வண்டியின் மிதி நன்றாயில்லை என்று கூறுவார் பலர்க்கும், அவ்வண்டி தொழிற்சாலையினின்று வெளிவந்தபோது அதன் மிதி எங்ஙனம் இருந்தது என்பது தெரியாது. தேய்ந்த பிரேக்கோடு ஒப்பிட்டு, அமைத்தோரைக் குறைகூறுதல் நேர்மையன்று.

6. முதற்கண் செய்யத்தக்கவை

முதலாவது, டிரம்மை லேத்தில் இட்டு வட்டம் பார்த்தல். கடையுங்கால் ஒரு வரம்பு உண்டு. மிகக் கடைந்த டிரம் மெலிந்து, சூட்டில் விரிந்து, உறுதியை இழக்கும். அன்றியும் கடைந்த டிரம்மின் வளைவு பெரிதாதலின், புதிய லைனிங்கின் வளைவு அதனோடு பொருந்தாமற் போகலாம். நடுவிலோ முனையிலோ மட்டும் தொட்டு நிற்கும் ஷூ, அழுத்தத்தில் வில்போல் வளையும். அவ்வளைவே காலுக்குப் பஞ்சாகத் தோன்றும். எத்தனைமுறை காற்றெடுத்தும் தீராத பஞ்சு மிதிக்கு இது காரணமாதல் உண்டு.

இரண்டாவது, ஷூக்களைச் சரியான இடைவெளியில் வைத்தல். மைனரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு திருப்பிகளும், பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்றும் உள. சக்கரத்தை உயர்த்தி, திருப்பியைச் சக்கரம் பூட்டும்வரை முறுக்கி, பின் அது தடையின்றிச் சுழலும் அளவிற்கு ஒரு பல் தளர்த்துதல் வேண்டும். காசு செலவில்லாத இவ்வேலை மிதியை உயர்த்துமளவு, விலையுயர்ந்த உறுப்புகள் பல உயர்த்துவதில்லை.

மூன்றாவது, மிதியின் அச்சும் புஷ்ஷும் தேய்ந்து பக்கவாட்டில் ஆடாவாறு செய்தல். மிதிக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது வெற்றசைவு இருத்தல் வேண்டும். 'அதனையும் ஒழித்தால் மிதி உடனே பிடிக்குமே' என்று எண்ணி முற்றும் நீக்கிவிடின், பிஸ்டன் முழுதும் பின்வாங்காது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் நுண்டுளை அடைபட்டு, சூட்டால் விரிந்த ஆயில் போக்கிடமின்றித் தானே பிரேக்கைப் பிடிக்கும். கால் எடுத்தபின்னும் விடாத பிரேக், பிடிக்காத பிரேக்கினுங் குறைந்த கேடுடையதன்று.

நான்காவது, பிரேக் ஆயில். ஆயில் என்று பெயர் பெறினும் இஃது எண்ணெயன்று. எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ இதற்கு ஈடாக ஊற்றின், உள்ளிருக்கும் ரப்பர்கள் உப்பிக் கெடும். பெயரொப்புமை கண்டு பொருளொப்புமை கொள்ளுதலால் வரும் கேட்டிற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா. வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை, புதியதாயிருக்குங்கால் குறைந்தது 205 பாகை சென்டிகிரேடு வரை கொதியாது. வரையறுத்த அளவு ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. கொதித்த ஆயில் ஆவியாகும், ஆவி சுருங்கும், மிதி தரையைத் தொடும். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் இன்று 70 கொண்டையூசி வளைவுகள் உள்ள சாலை இருக்கிறது. அத்தகைய இறக்கத்தில், ஈரமேறிய பழைய ஆயிலோடு, கியரைக் குறைக்காது காலையே நம்பி இறங்குவான், உயிரைப் பணயம் வைப்பவனாவான். ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறையேனும் ஆயிலை மாற்றுதல் நலம்.

ஆயிலை மாற்றியபின் காற்றெடுத்தல் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ளதில் முடித்தல் பொதுமரபு. ஒருவர் மிதியை மெல்ல அழுத்த, மற்றொருவர் திருகைத் திறந்து, மிதி மேலெழுமுன் மூடவேண்டும். இடையில் தொட்டி வற்றிவிடின் செய்த வேலை முழுதும் வீணாம்.

இவற்றைச் செய்யுங்கால் ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளிற் கல்நார் கலந்திருத்தல் உண்டு. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. ஆகலின் டிரம்மினுள் இருக்கும் தூசியை வாயால் ஊதுதலும், காற்றுக்குழாயால் அடித்தலும் கூடா. ஈரத்துணியால் துடைத்தலே தக்கது.

7. மாற்றங்கள்

உள்ளதைச் செம்மை செய்தபின்னும் மனநிறைவு உண்டாகாவிடின், மாற்றங்களை எண்ணலாம்.

எல்லாவற்றினும் எளியது ஹோஸ்களை மாற்றுதல். உள்ளே வழுவழுப்பான செயற்கைக் குழாயும், வெளியே எஃகு இழைப் பின்னலும் உடைய ஹோஸ்கள் இன்று கிடைக்கின்றன. ரப்பரினும் இவை குறைவாகவே உப்புமாதலின், மிதி உறுதிபெறும். பலத்தையோ தூரத்தையோ பணயம் வையாது உணர்ச்சியை மட்டும் தெளிவாக்கும் மாற்றம் இஃதாகலின், இதனை முதற்கண் செய்தல் தகும். எனினும், புதிய ரப்பர் ஹோஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதே. பழுதுற்ற ஹோஸுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடே பெரிது.

அடுத்தது, 7 அங்குல வண்டிக்குப் பின்னைய 8 அங்குல முன்டிரம்களைப் பொருத்துதல். அதே குடும்பத்து உறுப்பாதலின் வண்டியின் இயல்பு கெடாது. பெரிய டிரம், சூட்டை ஏற்கும் திறனும் உடையது.

மூன்றாவது, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். பர்மிங்காம் நகரத்து லான்செஸ்டர் 1902-இல் உரிமை பெற்ற இவ்வமைப்பு, 1953-இல் டிஸ்க் பொருத்திய ஜாகுவார் வண்டி லெமான் ஓட்டப்பந்தயத்தில் வென்றபின் புகழ்பெற்றது. டிரம் சூடேறின் விரிந்து ஷூவைவிட்டு விலகும். அதனால் மிதி தாழும். டிஸ்க்கோ சூடேறின் பருத்துப் பேடை நோக்கியே வரும். தன்னிறுக்கம் இல்லாமையால், தடை காலின் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் கூடும். நாம் கூறிய மூன்றாம் இலக்கணம் இதில் நன்கு அமைகிறது. ஆனால் தன்னிறுக்கம் இல்லாமையாலேயே காலுக்குப் பளுவும் கூடும். மேலும் டிரம் பிரேக்குக்கென மாஸ்டர் சிலிண்டரில் வைத்த வால்வு, குழாயில் சிறிது அழுத்தத்தை எப்பொழுதும் நிறுத்திவைக்கும். அதனை மாற்றாது டிஸ்க்கைப் பொருத்தின், பேடுகள் இடையறாது உரசிச் சூடேறும்.

நான்காவது, சர்வோ என்னும் துணைக்கருவி. எஞ்சின் காற்றை உறிஞ்சுமிடத்து உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு காலின் அழுத்தத்தை இது பெருக்குகிறது. டிஸ்க்கின் பளுவைக் குறைத்தற்கு இது தக்க துணை. ஆனால் மிதி இறங்கும் தூரத்தை இது குறையாது. காற்றுப் புகுந்த மிதியைத் திருத்தாது. பஞ்சு மிதியோடு சர்வோ சேரின் பஞ்சு நீங்காது. பஞ்சை அழுத்தும் முயற்சி குறையும், அவ்வளவே. குறையை அறிவித்த பளு மறைந்துபோதலின், நோய் தீராது வலி மட்டும் மறைந்ததற்கு இஃது ஒக்கும்.

ஐந்தாவது, இரட்டை மாஸ்டர் சிலிண்டர். இருவழிக் குழாய்கள் அமைத்து, ஒன்று கெடினும் மற்றொன்று இயங்குமாறு செய்வது. இதனால் மிதியின் உணர்ச்சி சிறப்புறும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் உயிரைக் காக்கும் மாற்றம் என்ற வகையில், மேற்கூறிய யாவற்றினும் இதற்கே நாம் முதன்மை தருவோம். உணர்ச்சியை நாடிப் பணஞ்செலவிடுவார், காப்பை நாடி அதிற் பாதியேனும் செலவிடுதல் அறிவுடைமை.

8. மறத்தலாகாத ஒன்று

எம்மாற்றம் செய்யினும் முன்பின் சமநிலையைக் கெடுத்தலாகாது. வண்டி நிற்க முயலுங்கால் எடை முன்னோக்கிச் சாயும், பின்சக்கரங்கள் இலேசாகும். அந்நிலையில் பின்பிரேக் மிகுமாயின், பின்சக்கரங்கள் முதலிற் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரம்போற் சுழலும். ஆகவே மிதி விரைந்து பிடிக்கவேண்டும் என்பதற்காகப் பின்வீல் சிலிண்டர்களைப் பெரிதாக்குதல் பேராபத்து. இறுதியாக வண்டியை நிறுத்துவது டிரம்முமன்று, டிஸ்க்குமன்று. சாலையைத் தொட்டிருக்கும் டயரே. தேய்ந்த டயரின்மேல் எப்பிரேக்கும் பயன்படாது.

வேலை முடிந்தபின் சோதனை செய்க. நின்ற வண்டியில் ஒரு நிமிடம் மிதியை வலுவாக அழுத்தி வைத்து, அது இறங்காமை காண்க. எல்லா இணைப்புகளிலும் கசிவு இல்லாமை காண்க. சர்வோ பொருத்தியிருப்பின், எஞ்சினை நிறுத்திப் பலமுறை மிதித்துப் பின் கால் எடாமலே எஞ்சினை எழுப்புக. மிதி சிறிது தாழ்ந்தால் சர்வோ இயங்குகிறதென அறிக. அதன்பின் மக்கள் நடமாட்டமற்ற சமவெளியில், முதலில் மெல்லவும் பின்னர்ச் சிறிது விரைவாகவும் ஓட்டி, வண்டி நேராக நிற்றலை உறுதிசெய்க. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வண்டிகளின் மாற்றத்திற்கு வரம்பு கூறுதலின், பெரிய மாற்றங்களுக்கு முன் உரிய அலுவலரைக் கேட்டறிதல் கடன்.

தொகுத்துக் கூறுவோம். பழைய வண்டியின் மிதியைச் செம்மை செய்ய விழைவார், முதலில் குறியைக் கண்டு காரணத்தை அறிக. அடுத்து உள்ளதைச் சீர்செய்க. அதன்பின்னரே வேண்டுமாயின் புதியதைச் சேர்க்க. பலமும் தூரமும் ஒன்றுக்கொன்று விலையாம் என்னுங் கணக்கை மறவற்க. மிதி காலுக்கு இனிதாயிருத்தல் மட்டும் போதாது. அது மெய் சொல்வதாயும் இருத்தல் வேண்டும். இனிய பொய்யுரைக்கும் மிதியினும், கடிய மெய்யுரைக்கும் மிதியே நன்று.

நம் வண்டியின் முன்னே நாளை சாலையைக் கடக்கப்போகும் சிறுவன் யாரென நாம் அறியோம். அவனும் நம்மை அறியான். அவனுக்கு நாம் செய்யக்கூடிய தொண்டு, அவன் வருமுன்னரே, பட்டறையில், டிரம்மைத் துடைத்துத் திருப்பியை ஒரு பல் தளர்த்தும்போதே செய்து முடிக்கப்படுகிறது. அயலானிடத்து அன்பு கூர்தல் என்னும் அறம் ஆலயத்தினுள் மட்டும் நிகழ்வதன்று. மசகு படிந்த கைகளாலும் அதனை ஆற்றலாம்.